மயோர்க்காவில் சைக்கிளில் பறவை பார்க்க: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஸ்பெயினுக்குச் சொந்தமான மயோர்க்கா தீவில் பறவை பார்க்கக் கார் தேவையில்லை. தீவின் வடகிழக்கில், போர்ட் டி பொயென்சா ஊரிலிருந்து அல்குதியா வழியாகக் கான் பிகாஃபோர்ட் வரை ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் கடற்கரை. அந்தத் தூரத்துக்குள் ஒரு பெரிய சதுப்புநிலம், ஒரு சிறிய சதுப்புநிலம், ஒரு பாறைப் பள்ளத்தாக்கு, மணல்மேடுகள், உருளைக்கிழங்கு வயல்கள் எல்லாம் இருக்கின்றன. பெரும்பகுதி சமதளம். சைக்கிள் ஓட்டத் தெரிந்த எவராலும் முடியும்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தீவு முழுவதையும் ஒரே வாரத்தில் சுற்றிவிடத் திட்டம் போடுகிறார்கள். அதை விட்டுவிடுங்கள். கார் எடுத்துத் தீவைச் சுற்றுகிறவரின் பட்டியலில் சில பறவைகள் கூடுதலாகச் சேரலாம். ஆனால் ஒரே குளத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறவருக்குத்தான் எந்தப் பறவை எந்த நேரத்தில் எந்தக் கரைக்கு வரும் என்பது பிடிபடும். நல்ல படமும் அவருக்குத்தான் அமையும். சைக்கிள் அந்தப் பொறுமையைத் தானே கற்றுக்கொடுக்கும். இன்னொரு லாபம் காது. கார் கண்ணாடிக்குள் கேட்காத குரல் சைக்கிளில் போகும்போது கேட்கும். நாணல் காட்டில் பாதிப் பறவைகள் குரலால்தான் அகப்படும்.

எப்போது, எங்கே தங்குவது

ஏப்ரல் நடுவிலிருந்து மே நடுவரை மிக நல்ல காலம். ஆப்பிரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குத் திரும்பும் பறவைகள் கடலைக் கடந்து இளைப்பாற இறங்கும் காலம் அது. தீவில் கூடு கட்டும் பறவைகளும் பாடத் தொடங்கியிருக்கும். வெயிலும் தாங்கக்கூடிய அளவில் இருக்கும். செப்டம்பர், அக்டோபரில் வலசை எதிர்த்திசையில் நடக்கிறது. அதுவும் நல்ல காலமே. ஜூலை, ஆகஸ்டில் போகாதீர்கள். வெயில் கடுமை, சாலையில் நெரிசல், குளங்களில் தண்ணீர் குறைவு, விடுதிக் கட்டணமோ உச்சத்தில். குளிர்காலத்தில் வாத்துகளும் மைனா இனத்து ஸ்டார்லிங்குகளும் திரளாக வரும். பகல் குறுகியது என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

தங்குவதற்கு அல்குதியா துறைமுகப் பகுதியைத் தேர்ந்தெடுங்கள். வடக்கே போர்ட் டி பொயென்சா பத்துக் கிலோமீட்டர் அளவு. தெற்கே அல்புஃபேரா சதுப்புநிலத்தின் வாசல் அதில் பாதிதான். விடுதிக்கு முன்பதிவு செய்யும்போதே சைக்கிளைப் பூட்டி வைக்க உள்ளறை இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். ஐரோப்பாவின் சைக்கிள் பந்தய அணிகள் வசந்தத்தில் பயிற்சிக்கு வரும் தீவு இது. ஆகவே பல விடுதிகளில் அந்த வசதி உண்டு. காலை உணவு எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்பதையும் கேளுங்கள். எட்டு மணிக்குத்தான் என்றால் முந்தைய நாளே ரொட்டியும் பழமும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

சைக்கிளைத் தேர்ந்தெடுப்பது

ஊரிலிருந்து சைக்கிளைத் தூக்கி வர வேண்டாம்; வாடகைக் கடைகள் எல்லாக் கடற்கரை ஊர்களிலும் இருக்கின்றன. ஏப்ரல் மாதத்தில் நல்ல சைக்கிள்கள் முன்கூட்டியே போய்விடும் என்பதால் ஊரிலிருந்தே பதிவு செய்துவிடுவது நல்லது.

கடைக்காரர் பந்தய சைக்கிளைத்தான் முதலில் காட்டுவார். அது நமக்கு ஆகாது. மெல்லிய டயர் சதுப்புநிலத்துச் சரளைப் பாதையில் தடுமாறும்; குனிந்த நிலையில் வானத்தைப் பார்க்கவும் முடியாது. நிமிர்ந்து உட்காரும்படியான கைப்பிடி, சற்றே அகலமான டயர், பின்னால் கேரியர் உள்ள சைக்கிளைக் கேளுங்கள். மலைச்சாலை ஏறும் எண்ணம் இருந்தால் மின்சார சைக்கிள் எடுப்பதில் தயக்கம் வேண்டாம். மூச்சிரைக்க ஏறி வந்த கையால் நீண்ட லென்ஸைப் பிடித்தால் படம் ஆடும்.

கடையிலேயே சீட்டின் உயரத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருந்தால் சரியான உயரம். பிரேக் இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். வெளிநாட்டில் எந்தப் பிரேக் எந்தக் கையில் இருக்கிறது என்பது கடைக்குக் கடை மாறலாம். பூட்டு, பம்பு, மாற்று டியூப், முன்பின் விளக்குகள் எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். நிறுத்தி வைக்கும் ஸ்டாண்டு அவசியம். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் சைக்கிளைப் புதரில் சாய்க்க நேரும். புதருக்குள் இருந்த பறவை பறந்துவிடும்.

சாலை விதிகளில் முக்கியமானவை இவை. வாகனங்கள் வலப்பக்கம் செல்லும். இந்தியாவிலோ இலங்கையிலோ ஓட்டிப் பழகியவர்கள் ரவுண்டானாக்களில் கவனமாக இருக்க வேண்டும். இடப்பக்கமிருந்து வரும் வாகனத்தை முதலில் பாருங்கள். ஊருக்கு வெளியே ஹெல்மெட் கட்டாயம். இருட்டில் விளக்கும், ஊருக்கு வெளியே ஒளி பிரதிபலிக்கும் மேற்சட்டையும் வேண்டும். காதில் இயர்போன் மாட்டி ஓட்டுவதற்குத் தடை உண்டு. பறவை பார்க்க வந்தவருக்கு அது தேவையும் இல்லை. சைக்கிளை முந்தும் கார் குறைந்தது ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது ஸ்பெயின் சட்டம். பெரும்பாலான ஓட்டுநர்கள் அதை மதிக்கிறார்கள். அவசர உதவிக்கு 112.

கேமராவை எப்படிச் சுமப்பது

400 மில்லிமீட்டர் வரை போகும் ஜூம் லென்ஸும் நடுத்தர எடையுள்ள கேமராவும் இந்தப் பயணத்துக்குப் போதும். 600 வரை போகும் ஜூம் லென்ஸ்கள் பல இரண்டு கிலோ எடை வரும். கையில் இருக்கும்போது அது தெரியாது. நாள் முழுவதும் முதுகில் தொங்கும்போது தெரியும். இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் லென்ஸ் மாற்றத் தேவையில்லாத, நீண்ட ஜூம் கொண்ட கேமராவே சைக்கிளுக்கு ஏற்றது. அதைவிட முக்கியம் பைனாகுலர். 8x42 அளவு வாங்குங்கள். கேமரா இல்லாமல் ஒரு வாரம் ஓட்டிவிடலாம். பைனாகுலர் இல்லாமல் ஒரு காலைப் பொழுதுகூட ஓடாது.

லென்ஸைப் பின் கேரியர் பையில் வைக்காதீர்கள். சரளைப் பாதையின் அதிர்வு முழுவதும் பின்சக்கரம் வழியாக நேராக அதில் இறங்கும். நாளடைவில் உள்ளே திருகுகள் தளரும். கேமரா உங்கள் உடம்பில் இருக்கட்டும். இடுப்பிலும் மார்பிலும் பட்டி உள்ள முதுகுப்பை நல்லது. ஹேண்டில்பாரில் மாட்டும் பையில் வைப்பதானால் அடியில் தடித்த நுரைப்பஞ்சு போடுங்கள். பைனாகுலரை மார்போடு இறுக்கும் குறுக்குப்பட்டியில் மாட்டினால் ஓட்டும்போது ஆடாது. தண்ணீர், உணவு, மழைச்சட்டை, பஞ்சர் சாமான்கள் பின் கேரியரில் போகட்டும்.

முக்காலி வேண்டாம். ஒரு சிறிய துணிப்பையைக் காலியாக எடுத்து வாருங்கள். இங்கே கடையில் ஒரு கிலோ அரிசி வாங்கி அதில் நிரப்பி இறுக்கிக் கட்டினால் லென்ஸுக்கு அருமையான தாங்கி தயார். பறவைகளுக்குத் தெரியாமல் உள்ளே உட்கார்ந்து பார்க்கும் மறைவுக்குடிலின் ஜன்னல் பலகை, பாலத்தின் கைப்பிடிச்சுவர், சைக்கிள் சீட் என எதன்மேலும் அது உட்காரும். கிளம்பும் நாளில் அரிசியைக் கொட்டிவிட்டுப் பையை மடித்து வைத்துக்கொள்ளலாம்.

விமானத்தில் உதிரி பேட்டரிகள் கைப்பையில்தான் வர வேண்டும். சரக்குப் பெட்டியில் வைக்க அனுமதி இல்லை. கைபேசியில் மெர்லின் செயலியை நிறுவி, இந்தப் பகுதிக்கான பறவைத் தொகுப்பை விடுதி இணையத்தில் முன்கூட்டியே இறக்கிக்கொள்ளுங்கள். அது குரலைக் கேட்டு இன்ன பறவை என்று ஊகித்துச் சொல்லும். சொன்னதை அப்படியே பட்டியலில் எழுதாமல், கண்ணால் ஒருமுறை பார்த்து உறுதிசெய்த பிறகு எழுதுங்கள்.

அல்புஃபேரா: வாரத்தில் பாதி நாள் இங்கேயே

1860களில் ஜான் பேட்மன் என்ற ஆங்கிலேயப் பொறியாளரின் முயற்சியில் ஒரு நிறுவனம் இந்தச் சதுப்புநிலத்தை வடித்து விளைநிலமாக்க முனைந்தது. நேர்க்கோடாக வெட்டிய கால்வாய்களும் மண்பாதைகளும் பாலங்களும் அந்த வேலையின் மிச்சம். உப்புநீர் உள்ளே வந்ததாலும் பணம் தீர்ந்ததாலும் திட்டம் தோற்றது. அந்தத் தோல்விக்கு இன்று நாம் நன்றி சொல்ல வேண்டும். 1988இல் இது, மயோர்க்கா அடங்கிய பலேரிக் தீவுக்கூட்டத்தின் முதல் இயற்கைப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது; பரப்பு சுமார் 1,700 ஹெக்டேர். வாசலில் இருக்கும் பாலத்தை உள்ளூர்க்காரர்கள் இன்றும் ஆங்கிலேயர் பாலம் என்றே சொல்கிறார்கள். நீங்கள் சைக்கிள் ஓட்டும் பாதையும் அவர்கள் போட்ட தடத்தில்தான் போகிறது.

கடற்கரைச் சாலையிலிருந்து அந்தப் பாலத்தருகே உள்ளே திரும்பினால் பெரிய கால்வாயை ஒட்டி ஒரு கிலோமீட்டருக்கு மேல் மண்பாதை. பார்வையாளர்களின் கார்களை உள்ளே விடுவதில்லை, சைக்கிளுக்குத் தடையில்லை. பாதை முடியும் இடத்தில் ஸா ரோக்கா என்ற வரவேற்பு மையம். அங்கே இலவச அனுமதிச் சீட்டும் வரைபடமும் வாங்குங்கள். அண்மையில் என்ன தெரிந்தது என்றும் அங்கேயே கேட்டுவிடுங்கள். அதற்கு மேல் எந்தப் பாதையில் சைக்கிள் போகலாம், எதில் நடந்துதான் போக வேண்டும் என்று அறிவிப்புப் பலகைகள் சொல்லும். மறைவுக்குடில்களுக்குப் பிரியும் கிளைப்பாதைகளில் நடந்தே போங்கள்.

பூங்கா காலை ஒன்பதுக்குத்தான் திறக்கிறது. ஏப்ரல் நடுவில் சூரியன் ஏழரைக்கு முன்பே உதித்துவிடும். அந்தப் பொன்னான ஒன்றரை மணி நேரத்தை விடுதியில் கழிக்காதீர்கள். பொயென்சா விரிகுடாவின் ஓரம் இருக்கும் சிறிய சதுப்புநிலமான அல்புஃபெரேட்டா பக்கம் விடியற்காலையில் போகலாம். அல்லது அல்குதியாவிலிருந்து கான் பிகாஃபோர்ட் நோக்கிச் செல்லும் சாலையோரக் கால்வாய்ப் பாலங்களில் நின்று பார்க்கலாம். பிறகு ஒன்பது மணிக்குப் பூங்காவுக்குள் முதல் ஆளாக நுழையுங்கள். மற்றவர்கள் பத்து மணிக்கு மேல்தான் வருவார்கள்.

நுழைந்ததும் வேகமாக மிதித்து ஸா ரோக்காவுக்குப் போய்விடக் கூடாது. அந்த முதல் கிலோமீட்டரிலேயே நிறைய இருக்கிறது. கால்வாய்ப் புதரிலிருந்து வெடித்துக் கிளம்பும் உரத்த பாட்டு செட்டி கதிர்க்குருவியுடையது. பாட்டு காதைத் துளைக்கும். பறவை கண்ணில் படாது. நின்று காத்திருந்தால் ஒரு கணம் பழுப்பாக ஏதோ தாண்டி மறையும், அவ்வளவுதான். நாணலுக்குள் நைட்டிங்கேல், மீசைக் கதிர்க்குருவி. மரங்களில் வக்காக்களும் உண்ணிக்கொக்குகளும் சின்ன வெள்ளைக்கொக்குகளும் கூட்டமாகக் கூடு கட்டும். நம் மடையானின் நெருங்கிய உறவான ஸ்குவாக்கோ கொக்கையும் இங்கே பார்க்கலாம். பறக்கும்போது வெள்ளை, உட்கார்ந்தால் மணல் நிறம்.

நீலத் தாழைக்கோழியை நிதானமாகப் பாருங்கள். இது தீவிலிருந்து முற்றிலும் அழிந்து, 1991இல் மீண்டும் கொண்டுவந்து விடப்பட்டுப் பெருகிய இனம். வேடந்தாங்கலிலும் பள்ளிக்கரணையிலும் பார்த்த தாழைக்கோழியின் தலையில் சாம்பல் பூச்சு இருக்கும். இங்கே தலை முதல் வால் வரை ஆழ்ந்த ஊதா நீலம். இது வேறு இனமாகவே இப்போது பிரிக்கப்பட்டிருக்கிறது. நாணல் தண்டை அலகால் பிடுங்கி, நீண்ட சிவப்பு விரல்களால் கிளி பழத்தைப் பிடிப்பதுபோல் பிடித்து உயர்த்தி, உறையை உரித்து உள்ளிருக்கும் வெள்ளைத் தண்டை மட்டும் தின்னும். தின்னும்போது அது சுற்றிலும் பார்ப்பதில்லை. படம் எடுக்கச் சரியான தருணம் அதுதான்.

நாமக்கோழிக் கூட்டத்தையும் அலட்சியமாகக் கடந்துவிடாதீர்கள். நெற்றியின் வெள்ளைக் கவசத்துக்கு மேலே இரண்டு சிறிய சிவப்புக் குமிழ்கள் தெரிந்தால் அது சாதாரண நாமக்கோழி அல்ல. ஐரோப்பாவில் மிக அரிதான, இங்கே மீண்டும் விடப்பட்ட செங்குமிழ் நாமக்கோழி. வசந்த காலத்தில்தான் குமிழ்கள் பளிச்சென்று இருக்கும். ஆழமில்லாத நீரில் நெடுங்கால் உள்ளான், பட்டாணி உப்புக்கொத்தி, அன்றில், செந்நாரை. ஏப்ரல் கடைசியிலிருந்து எலியனோரா வல்லூறுகள் வந்து சேரும். மடகாஸ்கரில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வரும் இவை, கோடை முடிவில்தான் குஞ்சு பொரிக்கும். தெற்கே திரும்பும் சிறு பறவைகளைப் பிடித்துக் குஞ்சுகளுக்கு ஊட்டுவதற்காக. மே மாதத்தில் அவை நாணல் காட்டுக்கு மேலே பூச்சிகளைக் காலால் பிடித்துப் பறந்தபடியே தின்பதைப் பார்க்கலாம்.

படம் எடுக்கும்போது

மறைவுக்குடிலுக்குள் போனதும் முதலில் சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். முதல் நாளில் எல்லாக் குடில்களுக்கும் ஒரு சுற்று போய், எதில் காலை வெளிச்சம் முதுகுப்புறம் விழுகிறது, எதில் மாலை வெளிச்சம் விழுகிறது என்று வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த நாள்களின் திட்டம் அதிலிருந்தே வந்துவிடும். பதினோரு மணிக்கு மேல் நீர்ப்பரப்பிலிருந்து எழும் வெப்ப அலை தூரத்துப் பறவைகளைக் கலங்கலாக்கும். எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸாலும் அதைச் சரிசெய்ய முடியாது. அந்த நேரத்தில் சாப்பிடுங்கள், தூங்குங்கள், நாலு மணிக்குத் திரும்பி வாருங்கள்.

பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/2000 நொடி, நிற்கும் பறவைக்கு 1/500 நொடி என்று தொடங்குங்கள். கேமராவின் ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓவைத் தானியங்கியில் விட்டு 3200 வரை உச்சவரம்பு வையுங்கள். வெள்ளைக்கொக்குகளுக்கு வெளிச்ச அளவை (எக்ஸ்போஷர்) மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைக்காவிட்டால் இறகின் வரிகள் வெளுத்துப்போகும். நாணலுக்குள் இருக்கும் பறவையைத் தானியங்கிக் குவியம் விட்டுவிட்டு முன்னால் ஆடும் தண்டைப் பிடித்துக்கொள்ளும். ஒற்றைப்புள்ளிக் குவியத்துக்கு மாற்றிக் கண்ணின்மேல் வையுங்கள். குடிலுக்குள் சத்தமில்லாத ஷட்டர்.

பாதையோரப் பறவையைக் கண்டதும் பிரேக்கைச் சட்டென்று பிடிக்காதீர்கள். சீராக ஓடும் சைக்கிளைப் பறவைகள் பொறுத்துக்கொள்ளும். கிறீச்சிட்டு நின்று இறங்கும் மனிதரைப் பொறுப்பதில்லை. பத்திருபது மீட்டர் தாண்டிப் போய் நின்று, சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு, அங்கிருந்தே திரும்பிப் படம் எடுங்கள். சில வேளைகளில் சீட்டில் உட்கார்ந்தபடி ஒரு காலை ஊன்றி எடுப்பதே மேல்.

குரலைக் கைபேசியில் ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே வரவழைக்காதீர்கள். எல்லை காக்கும் ஆண் பறவை உண்ணாமல் உங்கள் கருவியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும். கூட்டைப் படம் எடுக்கப் போகாதீர்கள். பூங்காவில் டிரோன் கூடாது. பூங்காவுக்குக் கடல் பக்கம் இருக்கும் மணல்மேடுகளில் சைக்கிளை இறக்கவே வேண்டாம். கெண்டிஷ் உப்புக்கொத்தி வெறும் மணலில், சிறு குழியில் முட்டையிடும்; மணலுக்கும் முட்டைக்கும் நிற வேற்றுமை தெரியாது. தாய்ப்பறவை சிறகு முறிந்ததுபோல் இழுத்துக்கொண்டு உங்கள் முன்னால் ஓடினால் முட்டையோ குஞ்சோ பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். அப்போது படம் எடுக்காமல் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

சதுப்புநிலத்துக்கு வெளியே

ஒரு காலையைப் போக்கர் பள்ளத்தாக்குக்கு ஒதுக்குங்கள். போர்ட் டி பொயென்சாவரை கடலோரமாக ஓட்டி, சைக்கிளைக் கீழேயே பூட்டிவிட்டு நடக்க வேண்டும். பண்ணை வீட்டின் கதவுகளைத் திறந்தால் மறக்காமல் சாத்துங்கள். ஆடுகள் மேயும் தனியார் நிலம் அது. இங்கே தேட வேண்டியது பலேரிக் கதிர்க்குருவி. உலகில் இந்தத் தீவுக்கூட்டத்தில் மட்டுமே கூடு கட்டும் பறவை. சாம்பல் உடம்பு, சிவந்த கண் வளையம், எப்போதும் தூக்கிய வால். முட்புதரின் உச்சிக்கு வந்து இரண்டு நொடி பாடும், உள்ளே போகும். அது மீண்டும் வரப்போகும் புதரில் குவியத்தை முன்பே வைத்துக் காத்திருப்பதுதான் வழி. பாறை முனைகளில் நீலப் பூங்குருவி இருக்கும். வலசைக் காலத்தில், இரவில் மழை பெய்து விடிந்த காலையில் இந்தப் பள்ளத்தாக்கு பறவைகளால் நிறைந்திருக்கும். அப்படி ஒரு நாள் வாய்த்தால் மற்ற திட்டங்களைத் தள்ளிவைத்துவிட்டு இங்கே வாருங்கள்.

அங்கிருந்து ஃபோர்மென்டோர் முனைக்குப் போகும் சாலை அழகானது, ஆனால் ஏற்றம். கலங்கரை விளக்கம்வரை போய்த் திரும்புவது பயிற்சி உள்ளவர்களுக்கே. புதியவர்கள் முதல் காட்சிமேடைவரை போனால் போதும். கடலை நோக்கிச் செங்குத்தாக விழும் பாறைமுகத்தில் உழவாரன்களும் வல்லூறுகளும் கண் மட்டத்திலேயே பறக்கும். அதைத் தாண்டிப் போவதானால் சாலையில் சுரங்கப்பாதை வரும், விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கரும்பாறுகளைப் பார்க்க ட்ரமுன்டானா மலைத்தொடரில் உள்ள கூபெர் நீர்த்தேக்கத்துக்குப் போக வேண்டும். 1980களின் தொடக்கத்தில் இருபது சொச்சமாகக் குறைந்திருந்த இந்தக் கழுகினம், நஞ்சு வைப்பதைத் தடுத்தும் பறவைகளைக் கொண்டுவந்து விட்டும் மீட்கப்பட்டது. விரித்தால் ஏறக்குறைய மூன்று மீட்டர் வரும் சிறகு. சோயேர் ஊரிலிருந்து அங்கே போகும் மலைச்சாலை பதினான்கு கிலோமீட்டர் தொடர் ஏற்றம். கேமராச் சுமையோடு அதை ஏற முயல வேண்டாம். அன்றைக்குச் சைக்கிளை விடுதியில் விட்டுவிட்டு பஸ்ஸில் போங்கள். கழுகுகள் காற்று சூடான பிறகே எழும். ஆகவே பத்து மணிக்கு மேல் போய்ச் சேர்ந்தால் போதும்.

காற்றுப் பலமான நாள்களில் கடலோரம் ஓட்டாமல் ஸா போப்லா ஊரைச் சுற்றிய வயல் பாதைகளுக்குப் போங்கள். உருளைக்கிழங்கு வயல்கள், பழைய காற்றாலைகள், போக்குவரத்து குறைந்த ஒற்றைச் சாலைகள். கொண்டலாத்தி வேலிக்கல்லில் உட்கார்ந்திருக்கும். தரிசில் கண்கிலேடி அசையாமல் நிற்கும். ஏப்ரல் மூன்றாம் வாரத்துக்குப் பிறகு மின்கம்பிகளில் ஐரோப்பியப் பஞ்சுருட்டான்கள் வரிசையாக உட்காரும். ஸா போப்லாவுக்குத் தீவின் தலைநகரான பால்மாவிலிருந்து ரயில் உண்டு. சைக்கிளையும் ஏற்றலாம், நெரிசல் நேரம் தவிர்த்தால்.

தெற்கே உள்ள காம்போஸ் உப்பளங்கள் வேறு ஒரு நாளுக்கு. பூநாரைகள் அங்கேதான் கூடும். கொலோனியா தெ சான்ட் ஜோர்டி ஊரில் ஓரிரவு தங்கி அங்கேயே சைக்கிள் எடுத்துக்கொண்டால் உப்பளங்களுக்கும், தீவின் தென்கோடியான ஸெஸ் ஸலீனஸ் முனைக்கும் சமதளச் சாலையில் போய்வரலாம். உப்பளங்கள் தனியார் உடைமை. சாலையில் நின்றே பாருங்கள். முனையில் காலையில் கடலைப் பார்த்து உட்கார்ந்தால் பலேரிக் ஷியர்வாட்டர் என்ற கடற்பறவைகள் அலையை உரசிக்கொண்டு பறக்கும். உலகளவில் அழிவின் விளிம்பில் இருக்கும் இனம் அது.

அன்றாடம் விடுதிக்குத் திரும்பியதும் லென்ஸின் முன்கண்ணாடியை முதலில் ஊதித் தூசியை நீக்கி, பிறகு ஈரத்துணியால் துடையுங்கள். கடற்காற்றின் உப்போடு காய்ந்த துணியால் தேய்த்தால் பூச்சு கீறிப்போகும். சைக்கிள் சங்கிலியையும் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். அன்று பார்த்தவற்றை ஈபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் எண்ணிக்கையோடு ஏற்றுங்கள். செங்குமிழ் நாமக்கோழியின் கூட்டைப் பார்த்திருந்தால் இடத்தைப் பொதுவில் போடாமல் ஸா ரோக்கா மையத்தில் மட்டும் சொல்லுங்கள்.